வேனுக்குப் பாதி, சோபாக்காவுக்குப் பாதி

முஷ்டியை மடக்கி இருக்கையின் நடுவில் ஒரு குத்து விடுகிறார் சோபாக்கா. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ஓரத்தில் இன்னொரு குத்து. “உள்ள நாடா ஒண்ணு அறுந்திருக்கு. அதான் உக்காந்தா ஒரு பக்கமா இழுக்குது” என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்காருகிறார். நாற்காலி வக்கீலுடையது. வக்கீல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு இது பழகிவிட்டது. போன முறை அவரை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே குத்திப் பார்த்தாராம்.

சோபாக்கா எங்கள் தெருவில் குஷன் கடை வைத்திருப்பவர். கடைக்கு நேர் மேலே நான் தங்கி எழுதுகிற அறை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவார். குழந்தைகள் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் சோபாக்காதான். கணவருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவர் வெறும் ‘சோபாக்கா வீட்டுக்காரர்’. வக்கீலைப் பார்க்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரரும் கூடவே வருவார், ஆனால் உள்ளே வர மாட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை நோண்டிக்கொண்டிருப்பார்.

சோபாக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் நானாகத்தான் ஒட்டிக்கொண்டேன். ஒரு விபத்தில் இரண்டு பக்கமும் தப்பு இருந்தால் அதை எப்படிப் பங்கு போடுவார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். சொத்தைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பைப் பிரிப்பதைப் பார்த்ததில்லை.

சந்தில் சோபாக்காமேல் ஒரு வேன் மோதிய வழக்கில் அன்று வக்கீல் சொன்ன சேதி இதுதான். வேனை ஓட்டியவர்மேல் பாதித் தப்பு, சோபாக்காமேல் பாதித் தப்பு, ஆகவே நஷ்டஈடும் பாதிதான் என்று காப்பீட்டுக் கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாதின்னு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க? அளந்து பாத்தாங்களா?”

அளப்பதெல்லாம் இல்லை, உத்தேசமாகப் போடுவதுதான் என்றார் வக்கீல். உத்தேசமாக வெட்டினால் துணி பத்தாமல் போய்விடும் என்று அக்கா அவருக்குப் புத்தி சொன்னார். வக்கீல் நல்ல மனிதர். பொறுமையாக ஒரு வழி காட்டினார். சந்து முனையில் ஒரு கணம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன் என்று சொன்னால் போதும், பெரும்பகுதி வேன் தலையில் விழுந்துவிடும் என்றார். நான் நிற்கவுமில்லை, பார்க்கவுமில்லை, அப்புறம் எப்படிச் சொல்வது என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியில் நேர்மையின் பெருமிதம் எதுவும் இல்லை. எப்படிச் சொல்வது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

வக்கீல் வேறொரு கதவைத் திறந்தார். கூட யாராவது வழி பார்த்துக்கொண்டு வந்தார்களா? அப்படி ஒருவரை நம்பி நடந்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, உங்கள் பங்கு நிறையக் குறையும்.

“குறையறது எங்க சார் போகும்?”

“பாத்துக்கிட்டு வந்தவர் தலையில போகும்.”

“அப்படி யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்துகொண்டார்.

சோபாக்காவின் கடை நீளமாக, ரயில் பெட்டி போல இருக்கும். எப்போது போனாலும் நாலைந்து சோபாக்கள் காலைத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கும். பசை வாசனைக்கு முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். அளந்து வெட்டுவது வீட்டுக்காரர் வேலை. துணியை மரச்சட்டத்தின்மேல் போர்த்தி இழுத்துப் பிடிப்பது அக்கா வேலை. இந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் வாரத்திலேயே சுருக்கம் விழும், கொஞ்சம் இறுகினால் தையல் வாயைப் பிளக்கும். இழுத்த துணியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்த கையால் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பேச்சு வந்தால் அதற்காகவும் வேலை நிற்காது. சாக்கட்டி காதில் இருக்கும், ஆணிகள் உதட்டில் இருக்கும், இடையில் கிடைத்த சந்தில் சொற்கள் வரும்.

ஒரு வீட்டு சோபாவைப் பிரித்தால் அந்த வீட்டின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது அக்காவின் கட்சி. “இந்த வீட்ல ஒருத்தர் மட்டும்தான் சோபாவுல உக்கார்றார். மத்தவங்கல்லாம் பாவம், நின்னுக்கிட்டே இருக்காங்க போல” என்று ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்த சோபாவைக் காட்டிச் சொன்னார். மறுநாள் அதை எடுத்துப்போக வந்த குடும்பத்தை நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஒருவர் அதிகாரம் செய்ய, மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சோபா இடுக்குகளில் அகப்படுகிற சீப்பு, கரண்டி, பொம்மைக் கை, எதுவானாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு முறை ஒரு பல்செட். உரிய பெரியவரிடம் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “இது உங்களோடதான்னு தோணுது, போட்டுப் பாத்துக்கங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பெரியவர் போன பிறகு கவிழ்ந்த சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் சிரித்தார்.

கடை சந்தின் இந்தப் பக்கம், ஃபோம் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு அந்தப் பக்கம். ஃபோமை அக்கா பஞ்சு என்றுதான் சொல்வார். அவரைவிட உயரமான ஒரு பஞ்சுப் பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால், வெளியில் தெரிவது இரண்டு பாதங்கள் மட்டுமே. தெருப் பிள்ளைகள் அதை ‘நடக்கிற மெத்தை’ என்பார்கள். அன்றும் அப்படித்தான் வந்தார். சலவைக்கடை வேன் ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. அதன் பின்கண்ணாடி முழுக்கப் போர்வை மூட்டைகள். ஓட்டிய இளைஞர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் போர்வையைத்தான் பார்த்திருப்பார். இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் போர்வை. இவ்வளவு மெத்தென்ற விபத்து உலகத்தில் நடந்திருக்காது. ஆனால் விழும்போது அக்காவின் வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி எலும்பு முறிந்துவிட்டது.

“பஞ்சு இல்லேன்னா வேன் என்னை நசுக்கியிருக்கும். பஞ்சு இருந்ததாலதான் வேன் வர்றதே தெரியல. இப்ப நான் இதைத் திட்டறதா, கும்பிடறதா, சொல்லுங்க” என்று என்னைக் கேட்டார். 

எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. வலது பெருவிரல் இப்போது பிடி கொடுப்பதில்லை. துணியை இடது கையில் சுற்றிக்கொண்டு உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்கிறார். வீட்டுக்காரர் பின் அடிக்கிறார். முன்பு ஒருவர் செய்த வேலையை இருவர் செய்து, அதுவும் அக்காவுக்குப் பிடித்த மாதிரி வருவதில்லை. தைத்ததைத் தானே பிரித்துப் போட்டுவிடுகிறார். எலும்பை மறுபடி உடைத்துச் சரியாக வைத்தால் பிடி திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நஷ்டஈடு பாதிதான் என்றால் இதுவரை ஆன வைத்தியச் செலவுக்கே சரியாகப் போய்விடும். அறுவைச் சிகிச்சைக்கு எதுவும் மிஞ்சாது. பாதிக்குமேல் நன்றாக ஏறினால்தான் அந்தப் பெருவிரல் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆகவே அக்கா பேரத்தில் இறங்கினார். பாதிக்கெல்லாம் நியாயமில்லை, தன்மேல் கால் பங்குதான் தப்பு என்பது அவர் கணக்கு. அதை நிரூபிக்க ஒரு பிற்பகல் கடையை மூடிவிட்டு, விபத்தை மறுபடி நடத்திப் பார்க்க முடிவு செய்தார். பஞ்சுப் பலகை வந்தது. அக்காவாக அக்காவே நடித்தார். வேனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்.

“பின்பக்கமாவே நடந்து வாங்க சார். திரும்பிப் பாக்கக் கூடாது. அந்தத் தம்பி பாக்கல.”

நான் பின்பக்கமாக நடந்தேன். வேன் சத்தம் கொடுத்ததா என்று கேட்டேன். கொடுத்தது, ஆனால் எதிர்வீட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை என்றார். எனவே நானும் வாய்க்குள்ளேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு முறை மோதினோம், ஒரு முறை ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டோம், ஒரு முறை நான் சாக்கடை மூடியில் தடுக்கி விழுந்தேன். டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, முழுத் தப்பும் பஞ்சின் மேல்தான் என்று தீர்ப்புச் சொன்னார். மேல்மாடிப் பெண்மணி ஒருவர் வேனுக்கு முக்கால் கொடுத்தார். தெருவில் ஆளுக்கொரு கணக்கு. எனக்கு வந்த ஆச்சரியம், எல்லோருமே ஏதோ ஒரு கணக்கைச் சொன்னதுதான். ‘தெரியவில்லை’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. மூடிய கடைக்குள்ளிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, என் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். கிடங்கிலிருந்து பஞ்சு வந்துகொண்டிருந்தது. கை சரியில்லாததால் இம்முறை சின்னப் பலகை, ஆனாலும் முகம் மறைகிற உயரம். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் வெறுங்கையோடு நடந்தார். சந்தின் விளிம்பு வந்ததும் “நில்லு” என்றார். பலகை நின்றது. ஒரு மிதிவண்டி கடந்தது. பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்தார், பலகையும் நடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது. அவர்களுக்குள் ‘வா’ என்ற சொல்லே கிடையாது. பேசாமல் இருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். சுமக்கிறவர் பார்ப்பதில்லை, பார்க்கிறவர் சுமப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் பஞ்சு அந்தச் சந்தைக் கடந்திருக்க வேண்டும்.

கீழே இறங்கிப் போய், விபத்து நடந்த அன்று வீட்டுக்காரர் எங்கே இருந்தார் என்று அக்காவிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் இருக்க எனக்கு வராது.

அக்கா உதட்டிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகு வீட்டுக்காரரை டீ வாங்கிவர அனுப்பினார். எழுதிவிடாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிற்பாடு அவரே அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றும் வீட்டுக்காரர் முன்னால் போயிருக்கிறார். பாதிச் சந்தில் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, கொடுத்த சோபாவுக்குப் பச்சைத் துணியா நீலமா என்று ஏதோ கேட்க, பதில் சொல்லத் திரும்பியிருக்கிறார். அந்த நேரத்தில் வேன் வந்துவிட்டது.

“அவர் ஒண்ணும் சொல்லல. நான் நடந்தேன்” என்றார் அக்கா.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதைச் சொன்னால் கை திரும்பக் கிடைக்குமே, வக்கீலே வாயால் சொன்னாரே, இதென்ன பிடிவாதம் என்று படபடவென்று பேசிவிட்டேன். அக்கா கோணல் விரலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை என்றார். வக்கீலிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகப் பலமுறை கிளம்பினாராம், அக்காதான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாராம். நாற்காலி சட்டத்தில் துணி சுருங்கியிருந்த ஓர் இடத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“நாளைக்கும் நான் அவர் பின்னாலதான் சார் நடக்கணும். தப்பு உன்னோடதுன்னு நாலு பேர் கூடி எழுதிக் கொடுத்துட்டா, அதுக்கப்புறம் அவரை அவரே நம்ப மாட்டார். முன்னால நடக்கற ஆளு பயந்தா, பின்னால வர்றவ எப்படி நடப்பா?”

வீட்டுக்காரர் டீயோடு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். நீலத் துணி நன்றாக இருக்கிறது என்று நான் என்னத்தையோ உளறினேன்.

சமரச விசாரணைக்கு நாள் வந்தது. அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். அறை சிறியது. முன்னால் ஒரு மேசை, அதன் பின்னே சளி பிடித்த சமரச அதிகாரி அம்மா, மேசைக்கு முன்னால் வரிசையாக நீண்ட பெஞ்சுகள். பெஞ்சுகளில் குஷன் இல்லை என்பதால் அக்கா எதையும் குத்திப் பார்க்கவில்லை. வலது பக்க பெஞ்சில் கம்பெனியின் ஆள், அவர் பக்கத்தில் வேன் ஓட்டிய இளைஞர். கல்யாண வீட்டில் தெரிந்தவரைப் பார்த்தது போல அவர் அக்காவுக்கு வணக்கம் சொன்னார், அக்காவும் சொன்னார். இடது பக்க பெஞ்ச் சுவரோடு ஒட்டியது. அக்கா முதலில் வீட்டுக்காரரை உள்ளே போகச் சொல்லிச் சுவர் ஓரமாக உட்காரவைத்தார். தான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, முழங்கால்களை முன் பெஞ்சில் முட்டவைத்துக்கொண்டார். வக்கீல் முன் பெஞ்சில் இருந்தார், நான் பின்னால். அந்த ஏற்பாடு எதற்கென்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

பேச வேண்டியவர்கள் முன்னால் வந்து மேசையருகில் நின்று பேச வேண்டும் என்றார் அதிகாரி. முதலில் வேன் இளைஞர் போய், போர்வைகளை அப்படி அடுக்கியிருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார். அடுத்து அக்கா போனார். பஞ்சு முகத்தை மறைத்தது, நான் நிற்கவில்லை, பார்க்கவில்லை, ஆனாலும் பாதி அதிகம், கால்தான் நியாயம் என்றார். ஏன் கால் என்று அதிகாரி கேட்டார்.  வேன் பெரியது, நான் சிறியவள் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். கம்பெனியின் ஆள் லேசாகச் சிரித்தார். அக்கா திரும்பி வந்து அதே ஓரத்தில், அதே மாதிரி முழங்கால்களை முட்டவைத்து உட்கார்ந்துகொண்டார். கோணல் கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு முடிவுக்கு வந்தார். முகத்தை மறைத்துக்கொண்டு சந்தில் இறங்கியதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, இரு பக்கமும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம், சம்மதம் என்றால் கையெழுத்துப் போடலாம் என்றார். வக்கீல் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா சம்மதமாகத் தலையை ஆட்டினார்.  இனி அந்த விரல் அப்படியேதான் இருக்கப்போகிறது.

“வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்றார் அதிகாரி. வழக்கமாகக் கேட்கிற கேள்வி. கேட்டுக்கொண்டே அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “உக்காருங்க.”

“முடியலம்மா. எல்லாரும் உன் தலையில பாதி பாதின்னு போடறாங்க. அதைக் கேட்டுக்கிட்டு உக்கார என்னால முடியல.”

மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அறை சின்னதாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். வேன் இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றினார். எதுவானாலும் முன்னால் வந்து சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

முன்னால் வர ஒரே வழிதான் இருந்தது. ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் அக்காவின் முழங்கால்கள், முன் பெஞ்சில் முட்டியபடி. வீட்டுக்காரர் அவற்றின் முன்னால் வந்து நின்றார். தாண்டவும் முடியாமல், உட்காரவும் மாட்டாமல், கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா நேராக மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அதிகாரி ஒரு முறை தும்மினார்.

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்கால்கள் இரண்டையும் மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பி, அவர் போக இடம் விட்டார்.